காற்று வாங்கும் வரி

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். மூன்று வாரமாக மலையும் சமவெளியுமாக 3,200 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தாகிவிட்டது. பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் இரண்டாவது. பாக்கி இருந்தது வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர். டைம் டிரையல் எனப்படும் தனி ஓட்டம் அது. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்தில் 50 வினாடியைப் பறிக்க முடியாது என்பதே அன்றைய பொதுக் கணிப்பு.

லெமாண்ட் தன் ஹேண்டில்பாரில் கூடுதலாக ஒரு வளைந்த கம்பியைப் பொருத்தியிருந்தார். டிரையத்லான் வீரர்கள் அப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருந்த சாதனம். முழங்கைகளை அதில் ஊன்றி, கைகளைச் சேர்த்து முன்னால் நீட்டி, தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி ஓட்டலாம். தலையில் பின்பக்கம் கூர்ந்த ஹெல்மெட். ஃபின்யோனிடம் அந்தக் கம்பியும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. நீண்ட முடியைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தார். லெமாண்ட் மணிக்கு 54.5 கி.மீ. சராசரி வேகத்தில் வந்து சேர்ந்தார். ஃபின்யோன் அதைவிட 58 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். 50 வினாடி முன்னிலை கரைந்து 8 வினாடி தோல்வியானது. ஆண்கள் டூரில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் இன்றுவரை யாரும் வென்றதில்லை. அந்த ஆண்டின் சராசரி வேகத்தில் 8 வினாடி என்பது சாலையில் 80 மீட்டர் சொச்சம்.

ஃபின்யோன் இருக்கைப் புண்ணால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் அன்றைய தினத்திலிருந்து எல்லா அணிகளும் ஒரு விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டன. அது காற்று.

டூரைத் தொலைக்காட்சியில் முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது கால் பலத்தின் போட்டியாகத் தெரியும். சில நாள் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படும்: பலம் எல்லோரிடமும் ஏறக்குறைய இருக்கிறது, அதைச் செலவழிக்காமல் வைத்திருப்பவரே ஜெயிக்கிறார். செலவில் பெரும்பங்கை வரியாக வசூலிப்பது காற்று. அந்த வரியை யார் கட்டுவது, யார் தப்பிப்பது என்ற பேரத்திலிருந்துதான் இந்தப் பந்தயத்தின் அணி, தந்திரம், கூட்டணி, துரோகம் எல்லாம் பிறக்கின்றன.

வினாடிக்கு ஐந்து கிலோ

ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. சைக்கிளில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை முன்னாலிருந்து பார்த்தால் அவர் அடைக்கும் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அவர் போனால், ஒவ்வொரு வினாடியும் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட காற்று அவர் வழியில் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளுவது பாதிப் பிரச்சினை. மனித உடம்பு மீனைப்போல வழவழப்பான வடிவம் இல்லாததால், ஒதுங்கிய காற்று முதுகுக்குப் பின்னால் ஒழுங்காகச் சேராமல் சுழன்று கலைகிறது. முன்னால் அழுத்தம் கூடுகிறது, பின்னால் குறைகிறது. முன்னே இருப்பது தடுக்க, பின்னே இருப்பது இழுக்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அந்த விசையை இரண்டு மடங்கு வேகத்தில் வெல்ல வேண்டியிருப்பதால், காலிலிருந்து வர வேண்டிய திறன் எட்டு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றுக்காக மட்டும் 30 வாட் சொச்சம் போதும். எதிர்க்காற்று இல்லாத நாளில் யாரும் அதை உணர மாட்டார்கள். 40 கி.மீ. வேகத்தில் அதே ஆளுக்கு 260 வாட் தேவை. 45 கி.மீ. என்றால் 370 வாட்டைத் தாண்டிவிடும். கடைசி ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மட்டும் நூறு வாட்டுக்கு மேல் விலை.

சமதளத்தில் பந்தய வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுக்கே போகிறது. டயரின் உராய்வு, செயின், பேரிங் எல்லாம் சேர்ந்து மீதிப் பங்கு. அந்தக் காற்று எதிர்ப்பிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு உடம்பால் வருவது, வண்டியால் வருவது கால் பங்குதான். லெமாண்ட் வாங்கிய கம்பி வண்டியை மாற்றவில்லை. வண்டிமேல் உட்காரும் ஆளின் வடிவத்தை மாற்றியது. அதனால்தான் அவ்வளவு பலன்.

நடுவில் இருப்பவர்களின் சுகம்

டூர் டி பிரான்ஸ் இன்று 21 கட்டங்கள் கொண்டது. நடுவில் இரண்டு ஓய்வு நாள் சேர்த்து 23 நாள். மொத்தம் 3,300 கிலோமீட்டரை ஒட்டி. 22 அல்லது 23 அணிகள், அணிக்கு எட்டுப் பேர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. இப்போதைய வெற்றியாளர்களின் சராசரி வேகம், மலைகளையும் சேர்த்து, மணிக்கு 42 கி.மீ.யைத் தொட்டுவிட்டது. தனியாளாக மூன்று வாரம் யாராலும் இப்படி ஓட்ட முடியாது. கூட்டமாகப் போவதால்தான் முடிகிறது.

பெலடான் என்று அழைக்கப்படும் அந்தப் பெரிய கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளாக்கன் என்ற காற்றியக்கவியல் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். 121 சைக்கிள் வீரர்கள் நெருக்கமாகப் போகும் கூட்டத்தைக் கணினிக்குள் கட்டி, சுற்றியுள்ள காற்றைக் கிட்டத்தட்ட 300 கோடிச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் போக்கைக் கணக்கிட்டார்கள். பிறகு 121 சிறிய பொம்மை வீரர்களைச் செய்து காற்றுச் சுரங்கத்திலும் வைத்துச் சரிபார்த்தார்கள்.

அதுவரை எல்லோரும் நம்பியிருந்தது, கூட்டத்துக்குள் இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு பாதியாகக் குறையும் என்பது. மூன்று நான்கு பேர் வரிசையாகப் போகும்போது அளந்த கணக்கு அது. ப்ளாக்கனின் விடை அனைவரையும் திடுக்கிட வைத்தது. கூட்டத்தின் பின்பாதியில், உள்ளே புதைந்து போகிறவருக்கு எதிர்ப்பு பாதியல்ல, தனியாகப் போகிறவருக்கு உள்ளதில் 5 முதல் 10 சதவீதம்தான். கூட்டம் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது, உள்ளே இருப்பவர் எதிர்கொள்ளும் விசை தனியே 12 அல்லது 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் எதிர்கொள்வதற்குச் சமம். காய்கறி வாங்கப் போகும் வேகம்.

கூட்டத்தின் முன்னே இருப்பவருக்கும் சிறு லாபம் உண்டு. முதுகுக்குப் பின்னே இன்னொருவர் ஒட்டி வந்தால், அங்கே உருவாகும் குறைந்த அழுத்தம் ஓரளவு நிரம்பிவிடுகிறது. இழுப்பு குறைகிறது. ஆனால் அது சில சதவீதம். பெரிய வரி முன்னே இருப்பவருக்குத்தான்.

அப்படியானால் அணித் தலைவர்கள் ஏன் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்வதில்லை? கூட்டத்தின் வால்பகுதியில் வேறு ஆபத்துகள் உண்டு. முன்னே ஒரு வளைவில் வேகம் சற்றுக் குறைந்தால், பின்னே வருபவர்கள் பிரேக் பிடித்து நின்று, மறுபடி பாய்ந்து பிடிக்க வேண்டியிருக்கும். யாராவது விழுந்தால் பாதை அடைபடும். முன்னே ஒருவர் தாக்குதல் தொடுத்ததே தெரியாமல் போகும். அதனால் பட்டம் வெல்ல வந்தவர், காற்றும் படாத, கண்ணுக்கும் தப்பாத இடமாகப் பார்த்து முதல் இருபது முப்பது பேருக்குள் இருப்பார். அவருக்கு முன்னால் அவருடைய அணிக்காரர்கள் இருப்பார்கள். தண்ணீர் பாட்டில்களைப் பின்னால் வரும் காரிலிருந்து வாங்கி வந்து கொடுப்பது, தலைவரின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவது, மணிக்கணக்கில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு முன்னே மிதிப்பது: எட்டுப் பேரில் ஏழு பேருக்குப் பெரும்பாலான நாட்களில் இதுதான் வேலை.

சமவெளிக் கட்டங்களின் முடிவில் வேகப்புலிகள் மோதும்போதும் இதே கணக்குத்தான். கடைசிச் சில கிலோமீட்டரில் அணிக்காரர்கள் ஒவ்வொருவராக முன்னே இழுத்து, தீர்ந்ததும் விலகுவார்கள். கடைசி ஆள் விலகும்போது கோடு 200 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதுவரை ஒளிந்திருந்தவர் அப்போதுதான் காற்றில் தலை நீட்டுவார். பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு 1,500 வாட் அளவுக்குத் திறன், மணிக்கு 70 கி.மீ. வேகம். பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் இப்படி 2024இல் தன் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸின் 34 என்ற பழைய சாதனையைத் தாண்டினார்.

எதிரியின் முதுகு

விசித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. காற்றுக்கு அணி வேறுபாடு தெரியாது. எதிரணிக்காரரின் முதுகும் காற்றை மறைக்கும். ஆகவே எதிரிகள் ஒருவரையொருவர் சார்ந்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் காலையில் நாலைந்து பேர் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள். வெவ்வேறு அணிகள், வெவ்வேறு நாடுகள். தப்பிக்க வேண்டுமானால் முறை வைத்து ஒவ்வொருவரும் முன்னே வந்து காற்றை வாங்க வேண்டும். யாரும் முறை தவறாத வரை ஐவரும் பலன் பெறுவார்கள். ஆனால் முடிவுக் கோட்டில் வெல்லப்போவது ஒருவர்தான். யார் தன் முறையில் சற்றே சோம்பி மிதித்தாரோ அவரிடம் கடைசியில் மிச்சம் இருக்கும். எல்லோருமே அப்படி நினைத்தால் வேகம் குறைந்து, பின்னே வரும் கூட்டம் ஐவரையும் விழுங்கிவிடும். ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று விளையாட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் வகுப்பறையில் போடும் புதிர், இங்கே பொது இடத்தில், வியர்வையோடு நடக்கிறது.

பின்னே துரத்தும் கூட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்பு பந்தய வீரராக இருந்து பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளரான ரொபேர் ஷபாட் சொன்ன விதி அது: தப்பியோடும் தனியாளிடமிருந்து கூட்டம் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் மீட்டுவிடும். அதனால் அவசரப்பட மாட்டார்கள். சீக்கிரம் பிடித்தால் புதிதாக வேறு யாராவது ஓடுவார்கள். அவர்களையும் துரத்த வேண்டும். வால் பிடித்தபடி விட்டு வைத்து, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் பிடிப்பதே சிக்கனம். நூற்றைம்பது கிலோமீட்டர் முன்னே ஓடியவர் கடைசி ஆயிரம் மீட்டரில் அகப்படுவது பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். அது பெரும்பாலும் திட்டமிட்டே நடப்பது.

பக்கவாட்டில் காற்று அடிக்கும் நாள் இன்னும் பயங்கரமானது. அப்போது மறைவு முன்னிருப்பவரின் நேர் பின்னால் கிடைக்காது. காற்று வராத பக்கமாகச் சற்று ஒதுங்கினால்தான் கிடைக்கும். ஆகவே வீரர்கள் சாலைக்குக் குறுக்காக, சாய்ந்த வரிசையாக நிற்பார்கள். சாலையின் அகலத்துக்கு எத்தனை பேர் கொள்ளுமோ அத்தனை பேருக்குத்தான் இடம். பதினைந்தாவது ஆளுக்கு இடம் இல்லையென்றால் அவர் சாலையோரத்தில் முழுக் காற்றையும் வாங்கியபடி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர் முன்னே ஒரு சக்கர அளவு இடைவெளி விழும். விழுந்தால் தீர்ந்தது. 2013இல் ஒரு தட்டையான கட்டத்தில் அல்பெர்ட்டோ கொன்டாடோரின் அணி பக்கக்காற்றில் சட்டென வேகம் கூட்டிக் கூட்டத்தைப் பிளந்தது. அந்த ஆண்டு பட்டம் வென்ற கிறிஸ் ஃபுரூமே அன்று ஒரு நிமிடம் 9 வினாடியை இழந்தார். மலையே இல்லாத நாளில் அவ்வளவு இழப்பு.

வரி தள்ளுபடியாகும் இடம்

சாலை மேலே ஏறத் தொடங்கியதும் கணக்கு புரண்டுவிடுகிறது. ஆல்ப்ஸில் அல்ப் துயெஸ் என்ற ஏற்றம் உண்டு. 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரியாக நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரம். 1952இல் டூர் முதன்முறை அங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. அப்படிப்பட்ட சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும் 65 கிலோ வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி, உடை, தண்ணீரோடு 75 கிலோ. புவியீர்ப்புக்கு எதிராக அந்த எடையைத் தூக்க 325 வாட் வேண்டும். டயருக்குப் பதினைந்து. காற்றுக்கு 33தான். பத்தில் ஒன்பது பங்கு வாங்கிக்கொண்டிருந்த காற்று இங்கே பத்தில் ஒரு பங்கோடு ஒதுங்கி நிற்கிறது.

ஆகவே மலையில் எவர் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. ஒளிந்தாலும் மிச்சம் சொற்பம். எடை மட்டுமே பேசும். 80 கிலோ எடையுள்ள வேகப்புலி அதே வேகத்தில் ஏற 440 வாட்டுக்கு மேல் தர வேண்டும். சமவெளியில் அவர் ராஜா. காற்று எடையைப் பார்ப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்கிறது. மலையில் அவர் மற்ற பெரிய உடம்புக்காரர்களோடு பின்தங்கிய கூட்டமாகச் சேர்ந்து, அன்றைய வெற்றியாளரின் நேரத்தை வைத்து நிர்ணயித்த கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று மிதிப்பார். கெடு தவறினால் மறுநாள் பந்தயத்தில் இல்லை. மலைக்காரர்கள் பேசும் அலகு வாட் அல்ல, ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்பது. மேலே சொன்ன 65 கிலோ வீரருக்கு அது 5.7. நன்றாகப் பயிற்சி பெற்ற சாதாரண சைக்கிள்காரர் ஒரு மணி நேரத்துக்கு 3 அல்லது 4 தந்தாலே பெரிது.

வண்டியின் எடையைக் குறைக்க எல்லோரும் போட்டியிட்டதால், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000இலிருந்து 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஏறிய பிறகு இறங்கும்போது காற்று மறுபடி வந்துவிடும். 2016இல் ஃபுரூம் சைக்கிளின் மேல்குழாயில் உட்கார்ந்து, மார்பை ஹேண்டில்பாரில் அழுத்தி மிதித்தபடியே பைரெனே மலையிறக்கத்தில் பாய்ந்து 13 வினாடி சம்பாதித்தார். ப்ளாக்கனின் குழு அந்தக் கோணத்தை ஆராய்ந்து, அதைவிட வேகமான வேறு கோணங்கள் உண்டு என்றது. குழாயில் உட்காருவது ஆபத்து என்று 2021இல் தடை வந்தது.

நேரத்தைக் கணக்கிடும் விதியும் மலையின் முக்கியத்துவத்தைக் கூட்டுகிறது. இடைவெளி இல்லாமல் ஒரே கூட்டமாகக் கோட்டைக் கடப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரம். சமவெளியில் நூற்றைம்பது பேருக்கு ஒரே நேரம் கிடைக்கும் நாள் உண்டு. காற்று மறைப்பு அவர்களைச் சேர்த்தே வைத்திருக்கிறது. பெரும்பாலும் மலையும் டைம் டிரையலும்தான் பிரிக்கின்றன. மூன்று வாரப் பந்தயம் உண்மையில் ஐந்தாறு நாளில் முடிவாகிறது. மற்ற நாட்கள் செலவைக் குறைக்கும் நாட்கள்.

உள்ளே எரியும் அடுப்பு

செலவு எவ்வளவு? 1980களில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் டூர் வீரர்களிடம் இதை அளந்தார்கள். பந்தயத்தில் இருப்பவரின் முகத்தில் மூச்சளக்கும் மூடியைக் கட்ட முடியாது. அதனால் அவர்களுக்கு ஒரு சிறப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வழக்கத்தைவிடக் கனமான அணுக்கள். கனமான ஹைட்ரஜன் வியர்வை, சிறுநீர் என்று தண்ணீராக மட்டுமே வெளியேறும். கனமான ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். சில நாட்களுக்கு ஒருமுறை சிறுநீர் மாதிரியை எடுத்து, இரண்டும் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்த்தால் போதும். வித்தியாசம்தான் வெளியேறிய கரியமில வாயு. அதிலிருந்து எரித்த கலோரி கிடைத்துவிடும். மூன்று வாரமும் சராசரியாக, உடம்பு சும்மா படுத்திருந்தால் செலவாகும் ஆற்றலைப்போல நான்கைந்து மடங்கை அவர்கள் எரித்தார்கள். அவர்கள் சாப்பிட்டதே நாளொன்றுக்கு 6,000 கலோரியை ஒட்டி.

இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. மனிதத் தசை தான் எரிப்பதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்கு அனுப்புகிறது. ஒரு கிலோகலோரியில் 4.2 கிலோஜூல் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், பெடலில் பொருத்திய மானி 4,000 கிலோஜூல் காட்டினால் வீரர் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி எரித்திருக்கிறார் என்று நேரடியாகப் படித்துவிடலாம். அணியின் சமையல்காரர் அன்றிரவுச் சாப்பாட்டை அதை வைத்தே நிறுக்கிறார்.

கையிருப்பு என்ன? 65 கிலோ வீரரின் உடம்பில் ஐந்து கிலோ கொழுப்பு இருந்தாலே நாற்பதாயிரம் கலோரிக்கு மேல். ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும், தாக்குதலுக்கு உதவாது. விரைந்து எரிவது தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து. அது அரைக் கிலோ சொச்சம், 2,000 கலோரியை ஒட்டி. ஒரு மலைக் கட்டத்தின் பாதிக்குக் கூடக் காணாது. அது தீர்ந்தால் கால் நின்றுவிடும். ஆகவே ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். வாழைப்பழம், சர்க்கரை ஜெல், குழைய வேகவைத்த அரிசியை அழுத்தித் துண்டு போட்ட கேக் என்று சட்டையின் முதுகுப் பைகள் நிறைந்திருக்கும்.

இங்கே தடையாக நிற்பது தசை அல்ல, குடல். குளுக்கோஸை உள்ளே கொண்டுபோகும் குடல்சுவர்க் கதவுகள் மணிக்கு 60 கிராமுக்கு மேல் விடுவதில்லை. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு கதவு. இரண்டையும் கலந்து கொடுத்தால் இரு வழியாகவும் உள்ளே போகும் என்று ஆய்வுகள் காட்டின. இன்று மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை உண்கிறார்கள். வயிறு அதை ஏற்கவும் பயிற்சி எடுக்கிறார்கள். இதே குடல்தான் நீண்ட உழைப்பின் உச்சவரம்பையும் நிர்ணயிக்கிறது என்று 2019இல் ஹெர்மன் பான்ட்ஸர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கூறினார்கள். அமெரிக்காவின் குறுக்கே மாதக்கணக்கில் ஓடியவர்களையும் டூர் வீரர்களையும் மற்ற நெடும்பயணிகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், நாட்கள் கூடக்கூடச் செலவு இறங்கி, ஓய்வுச் செலவின் இரண்டரை மடங்கில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் தொடர்ந்து செலவழித்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். மூன்று வாரத்துக்கு நான்கைந்து மடங்கு என்பது அந்த வளைகோட்டின் செங்குத்தான பகுதியில் நடத்தும் வித்தை.

எரித்ததில் முக்கால் பங்கு வெப்பம். பெடலில் 300 வாட் தருகிறவரின் உடம்பில் 900 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு. அதை வெளியேற்ற மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக்குவது காற்று. சமவெளியில் எதிரியாக இருந்த அதே காற்று. ஏற்றத்தில் வேகம் குறைந்து காற்று போதாமல் போகும்போது, வியர்வை ஆவியாகாமல் வெறுமனே சொட்டும். உடல் வெப்பம் ஏறும். 1967 ஜூலை 13 அன்று மரமற்ற மோன் வான்டூ மலையில், கொளுத்தும் வெயிலில், பிரிட்டனின் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து இறந்தார். உடம்பில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது. சோர்வு என்பது உடம்பு விடுக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மருந்து அமுக்கிவிட்டது.

அடுத்த தலைமுறை மோசடி இரத்தத்தில் நடந்தது. எரிபொருள் இருந்தும் ஆக்சிஜன் வந்தால்தான் எரியும். அதைச் சுமக்கும் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. ஊசி 1990களில் பரவியது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. உடலியல் இங்கே துப்பறிவாளராகவும் உதவியது. நாள் கணக்கில் கடுமையாக உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, ஹீமோகுளோபின் செறிவு இயல்பாகவே இறங்கும். மூன்று வாரம் மலையேறியும் இறங்காமல் இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. வீரர்களின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிந்து வைக்கும் முறை 2008இல் வந்தது.

ஒருவரே வெல்லும் அணிப் போட்டி

இந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர் கூட்டத்தை வெறுத்தவர் என்பது வேடிக்கை. ஆன்றி டெக்ரான்ஜ் 1893இல் பாரிஸ் ஓடுபாதையில் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தவர். பிறகு லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியரானார். விற்பனையைக் கூட்ட, இளம் நிருபர் ஜியோ லெஃபெவ்ர் சொன்ன யோசனையை ஏற்று, 1903இல் டூரை நடத்தினார். ஆறே கட்டம், 2,428 கி.மீ. முதல் கட்டம் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கி.மீ. கிளம்பிய 60 பேரில் 21 பேரே முடித்தார்கள். முன்பு புகைபோக்கி சுத்தம் செய்தவரான மோரிஸ் கரான் வென்றார். பத்திரிகை அச்சான மஞ்சள் தாளின் நிறம்தான் 1919இல் முன்னிலை வீரரின் ஜெர்சிக்கு வந்தது.

தனிமனித உறுதியைச் சோதிக்க வேண்டும் என்பதே டெக்ரான்ஜின் கனவு. யாரும் யாருக்கும் உதவக் கூடாது. 1913இல் டூர்மாலே மலையில் யூஜேன் கிறிஸ்டாஃபின் சைக்கிள் முன்கவை முறிந்தது. வண்டியைச் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, அடிவாரக் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். பட்டறைப் பையன் துருத்தி ஊதினான். அது வெளியார் உதவி என்று நேர அபராதம் போட்டார்கள். பல பல்சக்கரங்களுக்கிடையே செயினை நகர்த்தும் கியருக்கு 1937 வரை அனுமதியில்லை. சமவெளியில் எல்லோரும் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சலித்து, 1927இல் பல கட்டங்களில் அணிகளை இடைவெளி விட்டுத் தனித்தனியே கிளப்பிப் பார்த்தார். பந்தயம் யாருக்கும் புரியாமல் போனதுதான் மிச்சம். சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. விதிகளை எழுதியவர் அவர். ஆனால் காற்று அவர் விதிக்குக் கட்டுப்படவில்லை.

இன்றும் அதே கதைதான். பெண்களுக்கான டூர் 2022இல் புதிதாகத் தொடங்கியது. 2024இல் அதன் கடைசிக் கட்டம் அல்ப் துயெஸ் உச்சியில் முடிந்தது. போலந்தின் கசியா நியேவியாடோமா மஞ்சள் ஜெர்சியில் இருந்தார். ஒரு நிமிடம் 15 வினாடி பின்தங்கியிருந்த நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் அதற்கு முந்தைய மலையிலேயே தாக்கி ஓடிவிட்டார். கூட ஒட்டிக்கொண்ட போட்டியாளருக்குத் தன் சக்தியைச் செலவழிக்க அவசியமில்லை. இரு மலைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் பெரும்பாலும் வொல்லரிங்கே காற்றை வாங்கினார். பின்னே நியேவியாடோமாவுக்கு அணித்தோழி யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் தங்கள் சொந்தக் காரணங்களுக்காகத் துரத்திய வேற்றணி வீராங்கனைகளின் கூட்டம் கிடைத்தது. அவர்களின் மறைவில் பள்ளத்தாக்கைக் கடந்து, மலையில் தனியே போராடினார். வொல்லரிங் கட்டத்தை வென்றார். நியேவியாடோமா 4 வினாடியில் பட்டத்தை வென்றார். டூர் வரலாற்றிலேயே மிகக் குறுகிய வெற்றி அது.

ஆண்கள் டூரின் பரிசுத்தொகை ஐந்து லட்சம் யூரோ. அதை வென்றவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதில்லை. அணித்தோழர்களுக்கும் மெக்கானிக், மசாஜ் செய்பவர் உள்ளிட்ட ஊழியர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பெருந்தன்மை என்று அதைச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது வெறும் கடன் தீர்ப்பு. மூன்று வாரம் அவர் கட்டாமல் தப்பித்த வரியை வேறு ஏழு பேர் தங்கள் கால்களால் கட்டியிருக்கிறார்கள்.